இருநூற்றுப் பதினான்காம் மரம்

ஏழாம் சொய்,
மீன்சந்தைப் பின்புறம்.
வியாழக்கிழமை, மழை விட்ட காலை.

மதிப்பும் பாசமும் மிக்க சம்லீ அக்காவுக்குத் தம்பி தவீ கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் சுமாராக இருக்கிறோம். அங்கே லாம்பாங்கில் நீங்களும் அத்தானும் ஒன்பது பூனைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் மரத்துக்குக் கட்டப் பிக்குகளின் துவராடை அனுப்பி ஒரு மாதமாயிற்று. கட்டிய புகைப்படம் எங்கே என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மூன்று தடவையும் மழை என்று பொய் சொன்னேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய செய்தி வந்திருக்கிறது, அவசரத்தில் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சொய்ச் சந்தின் முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் உங்களுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் பேருந்துக்கு நிற்கிறவர்களுக்கு அந்த நிழல் ஒன்றுதான் கதி, அதன் அடியில்தான் மாலைவான் நூடுல்ஸ் வண்டி போட்டிருக்கிறாள். வடிகாலை அகலப்படுத்துகிறோம் என்று நகராட்சி அந்த மரத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனது. குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான், சும்மா இருப்பேனா? கரையெல்லாம் சிமென்ட் பூசினால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, நம் வீட்டுக்குள்தான் இறங்கும் என்று ஏழு மனு எழுதினேன். ஏழுக்கும் 'கிடைத்தது' என்று பதில் வந்தது. சரி, மரத்துக்குத் துறவறம் கொடுத்துவிடுவோம், துவராடை கட்டிய மரத்தை வெட்ட எவனுக்குக் கை வரும் என்று முடிவு செய்துதான் உங்களிடம் ஆடை கேட்டேன்.

நாற்பது பேர் ஊர்வலம். ஆடையைத் தட்டில் ஏந்தி முன்னால் நான், பின்னால் எங்கள் விகாரையின் பெரிய பிக்கு. அவருக்கு எண்பத்தொரு வயது, கண்ணில் புரை. மரத்துக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது என் செருப்பு வார் பிடுங்கிக்கொண்டது. தட்டை மாலைவானிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, அதைத் திருப்பி மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் அவர் ஆடையைக் கட்டி முடித்துவிட்டார். கம்பத்துக்கு, அக்கா. மின்கம்பத்துக்கு. அடியிலிருந்து நுனிவரை கொடி படர்ந்து மரத்தைவிடப் பசேலென்று நிற்கும் அந்தத் தெருவிளக்குக் கம்பத்துக்கு.

யாராவது சொல்ல வேண்டாமா? நம் ஜனங்களின் கிரெங்ஜாய் தெரியாதா உங்களுக்கு? அடுத்தவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று வாயை இறுக்கி மூடிக்கொள்வதற்கு நம்மை மிஞ்ச ஆளில்லை. மாலைவான் என்னைப் பார்த்தாள், நான் வானத்தைப் பார்த்தேன். அவ்வளவு வயதானவரிடம் போய், சாமி, அது கம்பம் என்று எப்படிச் சொல்வது? அரைமணி நேரம் கம்பத்துக்கு மந்திரம் ஓதினோம். முடிகிற நேரத்தில் மேகம் கவிந்து இருட்டியதா, உச்சியில் விளக்கு தானாக எரிந்தது. அப்போதும் ஒருவரும் மூச்சு விடவில்லை. நாற்பது பேரும் 'சாது, சாது' என்று கும்பிட்டோம்.

மறுவாரம் நகராட்சியிலிருந்து ஒராதை என்று ஒரு அதிகாரிப் பெண் வந்தாள். புதிதாக மரப் பட்டியல் எடுக்கிறார்கள், பட்டியலில் ஏறிய மரத்தைச் சுற்றி மூன்று மீட்டர் மண்ணைத் தொடக் கூடாதாம். அவள் துவராடையைப் பார்த்தாள், அண்ணாந்து உச்சியில் மின்கம்பி தாங்கும் பீங்கான் கிண்ணிகளைப் பார்த்தாள், அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"பெரியவரே, இது இலை உதிர்க்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வருஷம் பூரா பச்சைதாம்மா," என்றேன்.

"வளருமா?"

"இருக்கற உயரமே போதும்னு நின்னுடுச்சும்மா."

தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள்: மர எண் 214, இனம் உள்ளூர், நிலை நேராக உள்ளது. அவளும் நம் ஊர்ப் பெண்தானே அக்கா, சங்கடப்படுத்த மனசு வருமா?

இப்போது கணக்குப் பாருங்கள். கம்பத்தைச் சுற்றி மூன்று மீட்டர். நம் மரம் இருப்பது இரண்டாவது மீட்டரில்! மரமும் தப்பித்தது, மண்ணும் தப்பித்தது, வடிகால் அந்த இடத்தில் வளைந்து போயிற்று. போன வாரம் கொட்டிய மழையில் ஐந்தாம் சொய்யில் முழங்கால் தண்ணீர், ஆறாம் சொய்யில் நாற்காலி மிதந்தது, எங்கள் முனையில் மட்டும் ஒரு மணி நேரத்தில் மண் அத்தனையையும் குடித்துவிட்டது. பொறியாளர்கள் வந்து அளந்தார்கள். நேற்று தீர்மானமே போட்டுவிட்டார்கள்: இனி நகரம் முழுக்க, ஆடை கட்டினாலும் கட்டாவிட்டாலும், எந்த மரத்தைச் சுற்றியும் மூன்று மீட்டருக்குச் சிமென்ட் கூடாது! என் ஏழு மனுவையும் வாசித்தார்களாம். மரங்களை அடையாளம் காணும் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். சொய்யில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. யாராவது கையைப் பிடித்துக்கொண்டால்தான் என்னைச் சாலை தாண்டவே விடுகிறார்கள். மாலைவான் கரண்டியைக்கூட என் கையிலேயே எடுத்து வைக்கிறாள், அவ்வளவு மரியாதை.

ஆகவே அக்கா, உங்கள் ஆடை கம்பத்தில் இருக்கிறதே என்று வருந்த வேண்டாம், ஊரிலுள்ள எல்லா மரங்களின் புண்ணியமும் உங்களுக்குத்தான். பெரிய பிக்குவின் பார்வைக் கோளாறை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பாவம். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் கூரை ஒழுகாமல், கிணறு வற்றாமல், பூனைகள் பத்தாகாமல் இருக்க மும்மணிகளும் காக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
தவீ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மனசு கேட்காமல் விகாரைக்குப் போய்ப் பெரிய பிக்குவிடம் பக்குவமாக விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "எனக்குப் போன வருஷமே கண் ஆபரேஷன் ஆச்சு தவீ. அது கம்பம்னு நல்லாவே தெரிஞ்சுது. நீதான் அது முன்னால நின்னு, குனிஞ்சு கும்பிட்ட. அத்தனை பேருக்கு நடுவுல உன்கிட்ட எப்படிப்பா சொல்றது?" என்றார். சொய்யில் எல்லாரும் எனக்குத்தான் கண் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அக்கா, மாலைவான் ஏன் கரண்டியைக் கையில் வைக்கிறாள் என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது.