லாக்கரில் வைத்த ஐஸ்

“உருகினா தண்ணியாவது இருக்கணும்ல? தண்ணி எங்க போச்சி?”

நாகபூஷணம் ஐஸ் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த ரத்னம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கப்பல் ஆடுதில்ல, சிந்தியிருக்கும்.”

“சிந்தினா தரை ஈரமா இருக்கணும்.”

“ஏசி காத்துல காஞ்சியிருக்கும்.”

“காயறதுக்கு அது இன்னா, கொடியில போட்ட லுங்கியா?”

கோபம் அவருக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஏற அதிக தூரமும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கால் வைத்த நேரம் முதல் அது கழுத்தளவில்தான் நின்றுகொண்டிருந்தது. வெளியிலிருந்து பானம் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று அங்கே பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே அவர் சொந்த ஊரான நகரியின் பன்னீர் சோடா. “வாயுத் தொல்லைக்கு மருந்து” என்று இவர் சொல்ல, அவர்கள் மறுக்க, வரிசையில் பின்னால் நின்றவர்கள் கூச்சல் போட்டு, கடைசியில் தொல்லை விட்டால் போதுமென்று அனுப்பிவிட்டார்கள். அப்படிப் போராடிக் கொண்டுவந்த சோடாவிலும் பாட்டில்கள் குறைந்திருந்தன. நேற்று மத்தியானம் வைத்த ஐஸும் இப்படித்தான் மாயமாகப் போயிருந்தது.

“யாரு வந்தாங்க?”

“யாரும் வரலியே. நான் தூங்கிட்டேன்.”

“நீ உள்ள இருக்கும்போதே எடுக்கறான்னா, அவன் எப்பேர்ப்பட்ட திருடனா இருக்கணும்!”

அவன் யாரென்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். அறையைப் பெருக்கி, துண்டு மாற்றி, ஐஸ் கொண்டுவந்து வைக்கும் ஹேமநாத். நாற்பது வயது ஆள், ஓயாத சிரிப்பு. சிரிக்கிற ஆளை நாகபூஷணம் நம்பியதே இல்லை. சூளூர்பேட்டைக்காரன் என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் முற்றியது.

“அவன் ஊரு பக்கத்துலயே கடல் இருக்குது. அதை உட்டுட்டு நடுக்கடலுக்கு எதுக்கு வரணும்? ஊர்ல ஏதோ பண்ணிட்டுத்தான் வந்திருக்கான்.”

“நாமளும்தான் வந்திருக்கோம்” என்றாள் ரத்னம்மா.

அவர்கள் வந்தது வேறு கதை. கடைசி மகள் பிரீத்திக்குத் திருப்பதியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ராம்ப்ரசாத், ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். பையனின் அம்மா நீரஜா போனிலேயே சொல்லிவிட்டாள்: “வீட்டுக்கு வந்து அரை மணி உக்காந்துட்டுப் போறதுல ஒருத்தரைப் பத்தி இன்னாண்ணா தெரியும்? ரெண்டு குடும்பமும் கப்பல்ல மூணு நாள் போலாம். அங்க வேஷம் போட முடியாது, ஓடவும் முடியாது. கடைசி நாள் சாயந்திரம் உங்க ரூமுக்கு முறையா பொண்ணு பாக்க வர்றோம். அந்த ரூமையே உங்க வீடுன்னு வச்சிக்குங்க.”

வீடு என்றால் வீட்டுக்குரிய முறையும் கூடவே வரும். பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். போன வருஷம் சித்தூரிலிருந்து வந்தவர்கள் தொண்டை வறளப் பேசிவிட்டு, காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். தெருவே பார்த்தது. அடுத்து வந்த நாயுடுபேட்டைக்காரர்கள் உட்காருவதற்கு முன்பே ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். அந்த வரனை அன்றைக்கே வேண்டாமென்று சொன்னவர் நாகபூஷணம்தான்.

“நீட்டின ஒடனே குடிக்கறான்னா உள்ள ஏதோ ஓட்டை இருக்குது. நல்ல எடம்னா கொஞ்சமாவது யோசிக்கும்.”

அப்போது பிரீத்தி அதிகம் பேசவில்லை. “நைனா, குடிக்கலைன்னாலும் தப்பு, குடிச்சாலும் தப்பு. இன்னும் ஒரு எடம் உன்னால போச்சின்னா, எனக்கு வேற எடமே பாக்காதே” என்றாள். சொன்னால் செய்கிற பெண். ராம்ப்ரசாத்தை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அவன் பேரைச் சொன்னால் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். நாகபூஷணத்தைப் பயமுறுத்தியதே அந்த ஒதுக்கல்தான்.

ஏனென்றால் நீரஜா ஜில்லென்று இல்லாத எதையும் வாயில் வைக்க மாட்டாளாம். பச்சைத் தண்ணீரிலும் ஐஸ் மிதக்க வேண்டுமாம். கப்பல்காரன் விற்கும் கலர் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ. அதைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க இவருக்கு மனசில்லை. நம் ஊர் சோடா, அதில் ஐஸ். அவ்வளவுதான் கேட்டார். அதற்கும் இந்தக் கள்ளன் குறுக்கே நின்றான்.

“தொந்தரவு செய்யாதீர்கள்” என்று எழுதிய அட்டையைக் கதவில் மாட்டினார். துண்டு கொண்டுவந்த ஹேமநாத்தைத் திருப்பி அனுப்பினார்.

“சார், ஐஸு?”

“நானே கொண்டாந்துக்கறேன். எனக்குக் காலு இருக்குது.”

மேல்தளத்துக்குப் போய் வாளி நிறைய ஐஸ் வாங்கிவந்து வைத்துவிட்டு, தன் இன்னொரு வேலையைப் பார்க்கப் போனார். நீரஜாவின் கணவர் நாகையாவை ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கண்காணிப்பதுதான் அந்த வேலை. ஆள் சீட்டு விளையாடுகிறாரா, மது குடிக்கிறாரா என்று நேற்றிலிருந்து பார்க்கிறார். நாகையா மோர் குடித்தபடி, மகனோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகபூஷணத்துக்கு அதுவும் பிடிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக எவன் இருப்பான்? நடிக்கிறான்.

நாகையாவே இவரைப் பார்த்துவிட்டார். “வாங்கண்ணா, தூண்ல இன்னா, சாஞ்சிக்கினு இருக்கீங்க?”

“சும்மா. காத்து. ஊட்டம்மா எங்க, கண்ணுலயே படலியே?”

“அவளுக்குக் கப்பல் ஒத்துக்கலண்ணா. மத்தியானம் ஆனா ரூம்ல படுத்துக்கறா.”

திரும்பி அறைக்கு வந்தார். கதவில் அட்டை அப்படியே தொங்கியது. உள்ளே வாளி காலி.

“ஏய் ரத்னா!”

“தூங்கிட்டேன்யா” என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை அவருக்கு ஒரு யோசனை வந்தது. அலமாரிக்குள் இரும்பு லாக்கர் ஒன்று இருந்தது, எண்ணை அழுத்திப் பூட்டுவது. மிச்சமிருந்த சோடா பாட்டில்களைப் படுத்த மேனிக்கு அடுக்கி, ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வைத்துப் பூட்டினார். இனி எந்தச் சூளூர்பேட்டைக்காரன் வந்தாலும் வரட்டும்.

ரத்னம்மா கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டே கேட்டாள். “நம்பர் இன்னா போட்ட?”

“உனக்கு எதுக்கு?”

“சும்மாதான். மத்தியானம் தாகம் எடுத்தா?”

“தாகம் எடுத்தா கொழாய் இருக்குது.”

அவள் முகம் ஏன் அவ்வளவு வாடியது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

மத்தியானத்துக்குள் பை ஒழுகியது. லாக்கர் கதவிடுக்கில் தண்ணீர் கசிந்து, எண் பலகைக்குள் இறங்கி, அது நாலு தடவை கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. நாகபூஷணம் எண்ணை அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். பிறகு கையால் அடித்தார். செருப்பால் அடித்தார். உள்ளே பாட்டில்கள் உருண்டனவே தவிர, கதவு அசையவில்லை.

“ஹேமநாத்தைக் கூப்புடு நைனா” என்றாள் பிரீத்தி.

“திருடன் கையில சாவியா? நானே பாத்துக்கறேன். போய்ப் பொடவை கட்டு.”

சோடா கிடைக்கும்போது கிடைக்கட்டும், ஐஸாவது கையில் இருக்கட்டும் என்று மேல்தளத்துக்கு ஓடினார். சாப்பாட்டுக் கூடத்தில் தர்பூசணிக்கு அடியில் கொட்டி வைத்திருந்த ஐஸை வாளியால் மொண்டார். அங்கே வேலை செய்யும் பெண் ஓடிவந்து தடுத்தாள். “பழத்தை நான் தொட்டனா? பழத்தை நான் தொட்டனா?” என்று கத்திக்கொண்டே தப்பிவந்தார்.

அறையில் வேறு கவலை. சம்பந்திகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இதுவும் உருகிவிடும். தடித்த பருத்தித் துணியில் சுற்றினால் ஐஸ் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறையில் தடித்த பருத்தி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். நீரஜாவுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க, அவர் தன் விசைத்தறியிலேயே நெய்த அரக்குச் சிவப்புப் புடவை. “என் தறிப் பொடவை சாயம் போச்சின்னா நான் நகரியை உட்டே போயிடறேன்” என்பது அவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும் வாக்கு. ஈரமானால் என்ன, காற்றில் உதறினால் காய்ந்துவிடும். சுற்றி வைத்தார்.

நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பிரித்துப் பார்த்தபோது, மெத்தை விரிப்பு, மேஜை, அவர் வேட்டி எல்லாமே சிவப்பு. ஐஸ்கட்டிகள் ஆட்டு ஈரல் மாதிரி மின்னின.

கதவு தட்டப்பட்டது.

நீரஜா, நாகையா, ராம்ப்ரசாத் மூவரும் நின்றார்கள். நீரஜா சந்தன நிறப் புடவையில் இருந்தாள். அவள் பார்வை கட்டிலுக்குப் போயிற்று.

“இன்னாண்ணா, யாருக்காச்சும் அடிபட்டுடுச்சா?”

“ஐஸு” என்றார் நாகபூஷணம்.

“சாயம் போகாதுன்னு சொல்லுவீங்களாமே!”

அதை இவளுக்கு யார் சொன்னார்கள் என்ற கேள்வி அவர் தொண்டைவரை வந்தது. அதற்குள் பிரீத்தி போன் செய்து வரவழைத்த ஹேமநாத் கருவியோடு வந்து லாக்கரைத் திறந்துவிட்டான். அடிவாங்கிய பாட்டில்கள் உருண்டு விழுந்தன. ஒன்றின் மூடி தெறித்தது. குளிர் விட்டுப்போன பன்னீர் சோடா பீறிட்டு நாகையாவின் சட்டை முழுக்க வழிந்தது. “பரவாலேதுண்ணா, வாசனையா இருக்குது” என்றார் அந்த மனுஷன்.

“ரெண்டு நிமிஷம் சார், நல்ல ஐஸ் கொண்டாரேன்” என்று ஹேமநாத் வெளியே ஓடினான்.

“ஓடு, ஓடு! திருடினதைத்தானே திருப்பிக் கொண்டாருவே!” என்று கத்தினார் நாகபூஷணம்.

ராம்ப்ரசாத் தரையைப் பார்த்தான். பிரீத்தியின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அதைப் பார்த்ததும் நாகபூஷணத்துக்குள் ஏதோ அறுந்தது. ஆனாலும் அவருக்குக் கோபமாகத்தான் பேச வரும்.

“பாரும்மா, சோடா சூடு. பொடவை போச்சி. நான் ஒரு கிறுக்கன். மூணு நாளா உன் புருஷனைத் தூணுக்குப் பின்னால நின்னு பாத்துக்கினு இருந்தேன், அதுவும் நாந்தான். எல்லாம் என் குத்தம். என் பொண்ணு மேல ஒரு குத்தமும் கெடையாது. குடிக்கறதா இருந்தா அவளுக்காகக் குடி. இல்லைன்னா எழுந்து போயிடு, நடுக்கடல்ல எங்க போவியோ போ!”

ரத்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்.

நீரஜா அசையவில்லை. முகத்தை நன்றாகக் கெட்டியாக்கிக்கொண்டாள். “அப்டில்லாம் சட்டுனு சொல்லிட முடியாதுண்ணா. நீட்டின ஒடனே வாங்கிக் குடிக்கிறது எங்க வழக்கத்துல இல்ல. நல்லா யோசிக்கணும்.”

நாகபூஷணம் நிமிர்ந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் கோபம் கழுத்துக்குக் கீழே இறங்கியது. அடடா, இதுவல்லவா இடம்! என்ன நிதானம், என்ன மரியாதை! இப்படிப்பட்ட ஒரு பெண்பிள்ளையை வாழ்க்கையில் முதல்முறையாக நம்பலாம் போலிருந்தது.

“யோசிம்மா. எவ்ளோ நேரம் வேணும்னாலும் யோசி” என்றார், கை கூப்பியபடி.

கதவு திறந்தது. ஹேமநாத் தட்டு நிறையக் கண்ணாடி டம்ளரும், வாளி நிறைய ஐஸுமாக, அதே சிரிப்போடு உள்ளே வந்தான்.

“நீரஜாம்மா, இன்னா இன்னிக்கி நின்னுக்கினே இருக்கீங்க? தெனமும் ரத்னம்மா பக்கத்துல உக்கார்ற எடத்துலயே உக்காருங்க. உப்பு தூக்கலா, ஐஸு நெறைய, மொத நாள்லருந்து கலக்கித் தர்ற அதே சோடாதானே?”