சுளுக்கு எந்தக் காலில்?

துணியை வலது காலில் கட்டுவதா இடது காலில் கட்டுவதா என்று புகழேந்தி முடிவெடுப்பதற்குள் வாசலில் பைக் வந்து நின்றுவிட்டது. மச்சான் அருணகிரியின் பைக். அந்தச் சத்தத்தைக் கேட்டால் தெருநாய்கூட எழுந்து வழிவிடும்.

அவசரத்தில் கைக்குக் கிடைத்த இடது காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் கொஞ்சம் வலியையும் வரவழைத்துக்கொண்டார்.

உண்மையில் அவருடைய கால்கள் இரண்டும் குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தன. இந்தச் சுளுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், போன பௌர்ணமியிலிருந்து தொடங்க வேண்டும்.

புகழேந்தி திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். நாள் தவறினாலும் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தவறாது. அன்றைக்கு வாழ்க்கையில் என்ன நடந்தது, அதிலிருந்து அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று இரண்டும் அதில் இருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், 'இன்றைய பாடம்: கவனம் சிதறினால் கையில் இருப்பதும் போகும்.' பஸ்ஸைத் தவறவிட்டால், 'இன்றைய பாடம்: போனது போகட்டும், அடுத்தது வரும்.' அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து வந்ததை மட்டும் எழுத மாட்டார்.

மனைவி சந்திரகலாவுக்கு இந்தப் பாடங்களில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. "பால வழிய விட்டவரு பாடம் எழுதறாரு. அடுப்பத் தொடச்சவ நானு" என்பாள்.

ஆனால் ஒருத்தி விடாமல் படித்தாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அம்ருதா, வீட்டில் அம்மு. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த நாளிலிருந்து, "கொஞ்சம் நடங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் போன பௌர்ணமியன்று காலையில் புகழேந்தி கிரிவலம் கிளம்பினார். திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்து, தலை நரைத்தும், அவர் மலையை முழுதாக ஒருமுறைகூடச் சுற்றியதில்லை. உள்ளூர்க்காரர்கள் பலர் வெளியில் சொல்லாத ரகசியம் இது. எங்கெங்கிருந்தோ லட்சக்கணக்கில் வந்து சுற்றிவிட்டுப் போகிறார்கள். நாம் எங்கே போய்விடப் போகிறோம், மலைதான் எங்கே போய்விடப் போகிறது?

செங்கம் சாலையில் ரமணாசிரமம் வரைக்கும் வீரமாகத்தான் நடந்தார். அங்கே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்ததுதான் தப்பாகப் போயிற்று. வெள்ளைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து, சர்க்கரை நோயாளி தின்னக்கூடாத அளவில் ஒரு கேக்கைத் தின்றார். அதற்கப்புறம் கால் எழுந்தாலும் மனசு எழவில்லை. வந்த வழியே திரும்பி, சந்து பொந்தெல்லாம் புகுந்து போகும் ஓர் ஆட்டோவைப் பிடித்து, கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களில் கடைசியான ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கினார். அங்கிருந்த சுக்கு காபி வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, முகத்திலும் சட்டையிலும் வியர்வை போலத் தெளித்துக்கொண்டார். பின்னால் மலை தெரியும்படி ஒரு செல்பி.

'வெறுங்காலுடன் கிரிவலம் நிறைவு! இன்றைய பாடம்: மனம் வைத்தால் மலையும் சிறிது.'

அன்று சந்திரகலா வீட்டில் இல்லை. மாதத்துக்கு ஒருநாள் அவளுக்கு மகளிர் குழுக் கூட்டம் இருக்கும். மதியம் வந்தவள், வழக்கத்துக்கு மாறாகப் புருஷனின் ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தாள்.

"சட்டை நல்லா நனைஞ்சிருக்குதே" என்றாள்.

"பின்ன? பதினாலு கிலோமீட்டராச்சே" என்றார் புகழேந்தி.

அம்ருதா அந்தப் படத்தை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டாள். மேலே 'எங்க அப்பா!' என்று இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லைப் புகழேந்தி திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். பெருமையில் நெஞ்சு விம்மியது. கூடவே உள்ளே எதுவோ முள்ளாகக் குத்தியது. ஆனாலும் அந்த இரண்டு சொல்லை இழக்க அவருக்கு மனமில்லை. அலுவலகத்தில் பாராட்டு வாங்காமலே வயதாகிவிட்ட மனிதர் அவர்.

ஒரு வாரம் கழித்து மகள் போன் செய்தாள். "அப்பா, அடுத்த பௌர்ணமிக்கு நான் வரேன். ரெண்டு பேரும் சேந்து சுத்தலாம்."

புகழேந்தியின் வாய் மூளையைக் கேட்காமலே பேசியது. "வரலாம்மா. ஆனா கால் சுளுக்கிடுச்சே. வலது கால்."

அவள் உடனே மாமனுக்கு போன் போட்டாள். மாமன்தான் இப்போது பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறான்.

"இன்னா மாமா, அம்மு வலது காலுன்னு சொன்னாளே? கட்டு இடது கால்ல இருக்குது?"

புகழேந்தி குனிந்து பார்த்தார். "அது... வலி அங்கேர்ந்து இங்க வந்துடுச்சுப்பா."

"ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கா?" அருணகிரியின் முகம் மாறியது. "அப்ப இது சுளுக்கு இல்ல மாமா. நரம்பு. பெரிய கேசு. அசையாத இருங்க, தோ வந்துட்டேன்."

போனவன் புத்தூர் கட்டுப் போடும் நாட்டு வைத்தியர் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பினான். அவர் கையில் ஒரு பையில் மூங்கில் பட்டைகள், எண்ணெய், துணிச் சுருள். அவர் எதுவும் கேட்கவில்லை. இடது பாதத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினார். புகழேந்தி அலறினார். அந்த அலறலில் கலப்படம் இல்லை.

"தோ பாருங்க, இங்கதான் புடிச்சினு இருக்குது" என்றார் வைத்தியர் திருப்தியாக. அடுத்து வலது பாதம். அதே திருகு, அதே அலறல். "இங்கயும் இருக்குது."

"ரெண்டுத்துக்கும் போட்டுடுங்க" என்றான் அருணகிரி.

சந்திரகலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கட்டுக்கு எத்தினி முட்டைங்க வேணும்?"

அரை மணி நேரத்தில் புகழேந்தியின் இரண்டு கால்களும் முட்டையும் மூங்கிலுமாக இறுகிவிட்டன. அவரால் முடிந்தது ஒன்றுதான். போனை எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். 'விழுந்தாலும் எழுவேன். இன்றைய பாடம்: வலியும் ஓர் ஆசான்.'

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாயங்காலம் அலுவலகமே பிரட்டும் ஆரஞ்சுமாக வீட்டுக்கு வந்துவிட்டது. பழகிய தோஷத்துக்கு எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார் வேறு. அத்தனை பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு அருணகிரி அறிவித்தான். "ஒரு வாரம் பாப்போம். சரியாவலன்னா வேலூர் கூட்டினு போயி ஆப்ரேஷன் பண்ணிடலாம். ஜாஸ்தி நாள் வெச்சிருக்கக் கூடாது."

புகழேந்திக்கு வியர்த்தது. இந்த முறை பாட்டில் தண்ணீர் தேவைப்படவில்லை.

"ஆப்ரேஷன்லாம் வேணாம்டா" என்றாள் சந்திரகலா. மலை இருக்கும் திசைக்குத் திரும்பி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். "நான் வேண்டிக்கினேன். இவரு காலு நல்லபடியா ஆனா, வர்ற பௌர்ணமிக்கு இவரே வெறுங்கால்ல மலையச் சுத்துவாரு. முழுசா. கூட நானும் வரேன்."

வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். கால் குணமாகாவிட்டால் வேலூர், கத்தி. குணமானால் பதினாலு கிலோமீட்டர். சாமி பேரில் வேண்டியாகிவிட்டது. அதை மீறுகிற துணிச்சல் இந்த ஊரில் பிறந்த யாருக்கும் கிடையாது. ஸ்டேட்டஸில் பொய் சொல்லலாம், அண்ணாமலையாரிடம் சொல்ல முடியுமா?

ஆறாம் நாள் காலையில் கால் அற்புதமாகக் குணமாகிவிட்டது.

"புத்தூர் கட்டுன்னா புத்தூர் கட்டுதான்" என்று அருணகிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

பௌர்ணமி நெருங்கியபோது அம்ருதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "பரவால்லப்பா, வீடியோ கால்ல காட்டுங்க. கடைசி லிங்கத்துகிட்ட நின்னு கூப்பிடுங்க" என்றாள். புகழேந்தி கடைசியாக ஒரு கதவைத் தட்டிப் பார்த்தார்.

"சந்திரா, உனக்குதான் முட்டி வலிக்குமே. உன்ன எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? ஆட்டோல..."

"எம் முட்டிய நான் பாத்துக்கறேன். நீங்க செருப்பக் கழட்டுங்க."

விடியற்காலையில் ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்கள். ரமணாசிரமம் வந்ததும் அவருடைய கால்கள் தாமாகக் காபிக் கடைப் பக்கம் திரும்பின.

"உக்காந்தா எழுந்துக்க முடியாது. நடங்க" என்றாள் சந்திரகலா திரும்பிப் பார்க்காமலே.

ஊரைத் தாண்டியதும் புகழேந்திக்குத் தெரிந்தது, ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் ஒரு தனிக் குணம் உண்டு என்று. சிலது குத்தும், சிலது கூடவே வரும். சந்திரகலா கல்யாணப் பந்திக்குப் போகிறவள் மாதிரி ஒரே சீராக முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எங்கே குழாய் இருக்கிறது, எங்கே நிழல் இருக்கிறது, எந்த இடத்தில் ரோட்டின் ஓரமாக நடந்தால் கல் குறைவு என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் இதையெல்லாம் எப்படியோ விசாரித்து வைத்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிக்கு முந்தின குபேர லிங்கத்துக்கு அருகில் அவர் உட்கார்ந்தேவிட்டார். பாதம் நெருப்பாக எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"என்னால முடியல சந்திரா. நீ வேணா போ. அம்முகிட்ட நான் எதனா சொல்லிக்கறேன்."

சந்திரகலா பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

"இதோ, இத்தினி தூரம் வந்தது யாரு? அருணகிரியா? நீங்கதானே. இன்னும் கொஞ்சம்தான். எழுந்திரிங்க."

அதில் கிண்டல் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. எழுந்தார். நொண்டினார். ஆனால் நடந்தார்.

ஈசான்ய லிங்கம் கண்ணில் பட்டபோது புகழேந்திக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. இனி கோபுரம் கூப்பிடு தூரம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அத்தனையும் சொந்த வியர்வை. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு பெருமை அவருக்குள் நிறைந்தது. மலையை நிமிர்ந்து பார்த்தார். மலையும் அவரைப் பார்ப்பது போலிருந்தது.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அம்மு! பாரு, அப்பா வந்துட்டேன்! பாரு பாதத்த!" என்று போனைக் கீழே காட்டினார்.

"சூப்பர்ப்பா!" அந்தப் பக்கம் அம்ருதா கை தட்டினாள். "போன தடவைய விட ரொம்ப டயர்டா தெரியறீங்க."

"வயசாவுதில்ல?" என்று சமாளித்துக்கொண்டே, போனை நீட்டிப் பிடித்தபடி அருகிலிருந்த சுக்கு காபி வண்டிக்கு நகர்ந்தார். "ரெண்டு சுக்கு காபி கொடும்மா."

வண்டிக்கார ஆதிலட்சுமி அவரைப் பார்க்கவில்லை. சந்திரகலாவைப் பார்த்துச் சிரித்தாள். கேட்காமலே ஒரு டம்ளரில் இனிப்பைக் கம்மியாகப் போட்டு அவளிடம் நீட்டினாள். சந்திரகலா இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள்.

"சரிப்பா, இன்னிக்கி என்ன பாடம்? சொல்லுங்க" என்றாள் போனில் மகள்.

புகழேந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். கோபுரத்தை ஒருமுறை, மலையை ஒருமுறை பார்த்தார். பாடத்துக்காக வாயைத் திறந்தார்.

ஆதிலட்சுமி முந்திக்கொண்டாள். "பரவால்லியேக்கா! மாசாமாசம் நீ மட்டும் தனியா சுத்தினு வருவ. போன பௌர்ணமிக்கு இந்த வண்டிக்குப் பின்னால உக்காந்து காபி குடிச்சினு இருக்கும்போது, இந்த அண்ணன் ஆட்டோல வந்து எறங்கி சட்டைல தண்ணி ஊத்தினத பாத்துட்டு, 'எங்கூட்டுக்காரருதான், கண்டுக்காத, அடுத்த மாசம் இவர நடக்க வெச்சே கூட்டினு வரேன்'னு சொன்னியே, சொன்ன மாதிரியே செஞ்சிட்டியே!"