மாப்பிள்ளைக்கு, வழிகாட்டிக் கருவி வாங்கிய விவரம்

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ரிஷி அவர்களுக்கு, மாமனார் அய்யாவு எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை குமுதாவும் உடல் நலம். மன நலம் பற்றிக் கீழே காண்க. வாட்ஸாப்பில் அனுப்பினால் என் மகள் மாதவி உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிடுவாள் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

நீங்களும் அவளும் மூன்று நாள் மலையேறப் போவதாகவும், காட்டில் போனுக்கு லைன் கிடைக்காது என்பதால் காருக்கும் மலைக்கும் ஆகிற ஜிபிஎஸ் கருவி ஒன்றை நானே பார்த்து வாங்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். முப்பது வருடம் லோரி ஓட்டியவன் என்ற மரியாதை. அந்த மரியாதையால் ஆறு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. லோரியில் வழி தவறினால் சரக்குத் தாமதம், அவ்வளவுதான். இதில் தவறினால் போவது என் ஒரே மகள். நான் பொறுக்கி எடுத்த கருவியால் அவள் காட்டில் தொலைந்தாள் என்றால், அப்புறம் நான் உங்கள் அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்?

முதலில் பெரிய திரை உள்ளதை வாங்கினேன். நன்றாகப் பேசியது, சுபாங் ஜெயாவில் எந்த லேன் என்றுகூடச் சொன்னது, பிளக்கைப் பிடுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உயிரை விட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துச் சின்னத் திரை உள்ளதை எடுத்தேன்; மழையில் நனையலாம், பேட்டரி மாற்றலாம், மேடு பள்ளம் எல்லாம் கோடு போட்டுக் காட்டும், ஆனால் பூச்சோங் ரோட்டில் நான் கண்ணாடியைத் தேடிப் போட்டு அதைப் பார்ப்பதற்குள் முன்னால் போன மோட்டார் சைக்கிளை இடிக்க இருந்தேன். கடைக்காரர் இரண்டுக்கும் பொதுவான மூன்றாவதைக் கொடுத்து, “அங்கிள், இதுக்கு மேல என்கிட்ட இல்ல லா,” என்றார். புதுப்பொருளைச் சும்மா முடுக்கலாமா? நல்ல நேரம் பார்த்து, கிள்ளானில் நம் முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய், எலுமிச்சம்பழம் சுற்றி, திருநீறு பூசி, சந்நிதியில்தான் முதன்முதலாக ஆன் செய்தேன். ‘இதுதான் வீடா?’ என்று அது கேட்டது. சாமி முன்னால் நின்றுகொண்டு இல்லை என்று அழுத்த எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை புக்கிட் காசிங் குன்றில் சோதித்தேன். சின்னப் பிள்ளைகள் ஏறுகிற குன்று. அரை மணி நேரத்தில் எந்தப் பக்கம் வந்தேன் என்பதே தெரியவில்லை. ‘வீட்டுக்குப் போ’ என்பதை அழுத்தினேன். மலையில் அது ரோட்டையெல்லாம் பார்க்காதாம், நேர்கோட்டில்தான் அம்பு காட்டுமாம். அம்பு புதருக்குள் நுழைந்து, இருபத்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் முனீஸ்வரரைக் காட்டியது. நானும் போனேன் மாப்பிள்ளை, சாமி கூப்பிடும்போது முடியாது என்பதா? கால் சறுக்கி ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியபோதுதான் கீழே பள்ளம் இருப்பதைப் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன், அழுதுவிட்டேன். கம்பு ஊன்றி வந்த ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றி, “ரோடு உங்க பின்னாடிதான் இருக்கு அங்கிள்,” என்றார். அவர் கையில் கருவி எதுவும் இல்லை.

ஆகையால் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், இந்தப் பயணம் வேண்டாம். நான் சொன்னதாக மாதவியிடம் சொல்லாதீர்கள், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். முனீஸ்வரர் உங்கள் இருவரையும் சமதரையிலேயே நூறாண்டு வாழ வைக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமா,
அய்யாவு

பி.கு.: உறையை ஒட்டும்போது, எங்களைப் பார்க்க வந்த மாதவி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். “அவரு வரலப்பா. பயந்துக்கிட்டு எப்பவோ பின்வாங்கிட்டாரு. நான் பிரண்ட்ஸோட போறேன். ‘மாமாகிட்ட வாங்கச் சொன்னா இந்த வருஷம் முடியாது, டிரிப்பும் தள்ளிப்போகும்’னு நெனச்சுத்தான் இந்த வேலைய உங்ககிட்ட குடுத்திருக்காரு. நான் போன மாசமே ஒண்ணு வாங்கிட்டேன் லா,” என்கிறாள். விடிந்ததும் கிளம்புகிறாளாம். இன்றிரவு உங்கள் வீட்டுக்குத் திரும்பும் அவள் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்று நாளும் அங்கே தனியாக இருக்காதீர்கள் மாப்பிள்ளை, இங்கே வந்துவிடுங்கள். சேர்ந்து பயப்படலாம்.