துரைக்கரடியின் பெட்டி

ஒரு காட்டில், சிங்கம் அசந்த நேரம் பார்த்து, கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்கரடி ஒன்று ராஜாவாகிவிட்டது. வந்தது என்னவோ தேன் வாங்கத்தான். வாங்குவதைவிட ஆள்வது மலிவு என்று வந்த பிறகுதான் அதற்குத் தெரிந்தது.

துரைக்கரடிக்குச் சொந்தமாக எதுவும் செய்ய வராது. விசிறக் குரங்கு, குளிப்பாட்ட யானை, முதுகு சொறிய முள்ளம்பன்றி. காட்டுத் தேனெல்லாம் அதன் பெட்டிக்குள் போனது.

ஒருநாள் சடைச்சி என்ற எருமை நடுப்பாதையில் படுத்துக்கொண்டது. துரை திட்டியது, அடித்தது. சடைச்சி அசைபோட்டபடியே, "திருப்பி அடிக்கமாட்டோம் துரை. சொன்ன வேலையும் செய்யமாட்டோம்" என்றது.

காடே அதன் பின்னால் திரண்டது. துரைக்கு வேலை செய்வதில்லை, துரை தொட்ட பொருளைத் தொடுவதில்லை என்று ஆற்றங்கரையில் எல்லா மிருகங்களும் சத்தியம் செய்தன. எறும்புகள் மட்டும் வரவில்லை. துரை வீட்டில் வேலை இருந்ததாம். அதுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விசிற ஆளில்லாமல் துரைக்கு வேர்த்து ஊற்றியது. அரிப்புத் தாங்காமல் முதுகைத் தேய்த்ததில் ஒரு மரமே சாய்ந்தது. கடைசியில், "நான் ஊருக்கே போய்விடுகிறேன். பெட்டியை மட்டும் கப்பலில் ஏற்றுங்கள்" என்றது.

"தூக்கமாட்டோம்" என்றது சடைச்சி.

கிளி அதன் காதருகே வந்தது. "அக்கா, தூக்கிட்டா இன்னைக்கே விடுதலை. கப்பல் கிளம்பப் போவுது."

"போறதுக்கு உதவுனாலும் உதவிதான்டி. சத்தியம்னா சத்தியம்."

எறும்புகள் ஓடிவந்து தோள் கொடுத்தன. பெட்டி அசையவில்லை. கப்பல் சங்கு ஊதியது. துரை அழுதுகொண்டே தேன்பானைகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, காலிப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஓடியது.

காடு ஆடித் தீர்த்தது. "நம்ம தேன் திரும்பி வந்துடுச்சு" என்று கிளி பானைகளிடம் பறந்தது.

"தொடாதே" என்றது சடைச்சி. "துரை தொட்டது."

எல்லாம் பானைகளைச் சுற்றி நின்று எச்சில் விழுங்கின. சத்தியமே செய்யாத எறும்புகள் வரிசையாக வந்தன.

"நீங்க கஷ்டப்படாதீங்க அக்கா, நாங்க பாத்துக்குறோம்" என்றது முதல் எறும்பு.

பொழுது சாய்வதற்குள் பானைகள் காலி. விடுதலை விழாவுக்கு எறும்புகள்தான் செலவு செய்தன. அதனால் மேடையிலும் அவைதான் உட்கார்ந்தன, பழைய தியாகிகள் என்று மாலையும் போட்டுக்கொண்டன. சடைச்சிக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அது அங்கேயே படுத்து நிம்மதியாக அசைபோட்டது. எழுந்திரு என்று சொல்லத்தான் யாரும் இல்லையே.

நீதி: சத்தியம் செய்தவர்களுக்கு விடுதலை, செய்யாதவர்களுக்குத் தேன்.