காதில் ஓதிய மொழி

செருப்பு வாங்கப் போனால் நாலு தடவை போட்டு நடந்து பார்ப்பார்கள். பிழைப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எவன் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். என்ன ஜனங்களோ! மண்டபம் வழிய வழியக் கூட்டம். அதுவும் படித்த கூட்டம். கணினிக்கு நிரல் எழுதுகிற மொழிகளில் அடுத்து எது கொடிகட்டிப் பறக்கும் என்று மொழிச்சித்தர் சொல்வாராம். கீபோர்டில் கை வைத்தாலே அவருக்கு உடம்பு சிலிர்க்குமாம். கரண்டு கசிகிறதோ என்னவோ!

லாரி ஓட்டிக் கை காய்த்த கிழவர் மகளோடு வந்திருந்தார். மகள் இருக்கிற வேலையை உதறிவிட்டு, சித்தர் சொல்லும் மொழியைப் படிக்கப் போகிறாளாம். ராஜினாமா போனில் தயார். அனுப்புவதுதான் பாக்கி.

மேடையில் மூன்று பேர், "போன தடவை சித்தர் வாக்கு அப்படியே பலிச்சுது!" என்று கண்கலங்கினார்கள்.

"வரப்போற மொழியை எல்லாரும் ஏம்மா படிப்பாங்க?" என்று மகளிடம் கேட்டார் கிழவர்.

"அதுக்கு மவுசு இருக்கும்ப்பா."

"மவுசு எப்படி வரும்?"

"எல்லாரும் படிப்பாங்கல்ல!"

லாரி வட்டமடித்தாலாவது டீசல் தீர்ந்து நிற்கும். இது நிற்காது போலிருக்கிறதே!

ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள். சித்தர் காதில் ஓதினார். வெளியே சொன்னால் பலிக்காது என்று சத்தியம் வேறு. மகளும் முகம் மலர வந்தாள். விரல் போனைத் தேடியது.

கிழவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல சேதியை எவன் ஒளித்துச் சொல்வான்? நாற்காலி மேல் ஏறினார்.

"வரப்போறது ஒண்ணுதானே? அப்போ எல்லாருக்கும் அதைத்தானே சொல்லியிருப்பாரு! நான் கை தட்டுனதும் சேர்ந்து கத்துங்க. தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சதைச் சொன்னா என்ன குடி முழுகிடும்?"

தட்டினார்.

"பைதான்!" "ஜாவா!" "கோ!" "ரஸ்ட்!" சந்தைக்கடை தோற்றது.

மகள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்து விழித்தாள். "உங்களுக்கு ரஸ்ட் இல்லையா?"

கிழவர் திரைப்பக்கம் திரும்பினார். "ஆக, எது ஜெயிச்சாலும் நாலு பேர் மேடையேறி அழுவாங்க. மத்தவன் தலைவிதின்னு வீட்ல கிடப்பான். அப்படித்தானே சித்தரே?"

சித்தருக்கு இப்போதுதான் நிஜமாகவே சிலிர்த்தது. பின்வாசலைத் தேடினார்.

மகள் ராஜினாமாவை அழித்தாள். "எங்க ஆபீஸ்ல பழைய வேலை முழுக்க ஜாவாவுலதான் இருக்கு. அதனால அதுக்கே ஆள் எடுக்கிறாங்க. ஆள் இருக்கிறதால புது வேலையும் அதுலயே வருது. இது எனக்கே தெரியும்ப்பா."

"தெரிஞ்சதை யோசிச்சுப் பார்த்திருந்தா இங்க வந்து செருப்பு தேய்ஞ்சிருக்காது."

அதற்குள் முன்வரிசைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஐயா, அந்த நாலுல எதுன்னு நீங்களாவது சொல்லிடுங்க. காதுல சொன்னாப் போதும்!"

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காதை எல்லாருக்கும் நீட்டுறீங்க. ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கே, அதையும் கொஞ்சம் செலவழிங்க!"

இந்தக் கூட்டம் திருந்தும் என்ற நம்பிக்கை துளியும் இல்லாமல் அவர் நடையைக் கட்டினார்.