கவசமும் கவளமும்

இந்த வெள்ளிக்கிழமையோடு தலைமைக் கவச வடிவமைப்பாளர் ஆகிவிடுவது என்று முனீஃப் முடிவு கட்டியிருந்தார். அம்மான் நகரத்துக் கணினி விளையாட்டுக் கம்பெனியில் அவர் வரைந்த வீரர்களைப் பார்த்து முதலாளி சமீஹ் பத்து வருஷமாக ஒரே கேள்விதான் கேட்டார்: "இதைப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் நடமாட முடியுமாய்யா?" இன்றும் பதில் இல்லையென்றால் பதவி வேறு ஆளுக்கு. அதனால் படைவீரன் கவசத்தைத் தடித்த ரப்பர் நுரையில் நிஜ அளவுக்கே வெட்டி ஒட்டி, அதை மாட்டிக்கொண்டே முதலாளிக்கு விருந்து வைக்கத் துணிந்துவிட்டார்.

மனைவி ருதைனா மருத்துவமனையில் முதுகுப்பட்டை, முழங்கால்பட்டை தைப்பவள். கவசத்தின் வார்களை இறுக்கிக்கொண்டே, சுவரில் அவர் வரைந்து ஒட்டியிருந்த விளையாட்டுப் பாத்திரங்களைப் பார்த்தாள். மகன் லைத்தின் பெயரை வைத்து அவரை அபூ லைத், லைத்தின் அப்பா, என்றும், அவளை உம்மு லைத், லைத்தின் அம்மா, என்றும்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"அபூ லைத், இந்த வில்லாளி தோள்ல இவ்வளவு பெரிய தகடு. நாணை எப்படி இழுப்பான்?"

"இழுப்பான்."

"திருடன் இடுப்புல இத்தனை கொக்கி. நடந்தா ஊரே முழிச்சுக்காதா?"

"அது அழகுக்கு."

"மந்திரவாதிக்கு எதுக்கு இரும்பு? அதை விடுங்க, உங்க முழங்கை மடங்குதா?"

"உம்மு லைத், நீ சமையலைப் பாரு."

"சரி," என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே கிடையாது. முனீஃப் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மணி ஒன்று. சமீஹ் வந்தார். ருதைனா பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மன்ஸஃப். சோறு, ஆட்டுக்கறி, மேலே ஆவி பறக்கும் தயிர்க்குழம்பு. தாம்பாளத்தைச் சுற்றி நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, வலது கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும்.

"நீ கை வச்சாத்தான் நான் வைப்பேன்," என்றார் சமீஹ்.

முனீஃபின் இடது கை பின்னால் போகவில்லை. தோள்தகடு காதை இடித்தது. வலது கையில் உருட்டிய கவளம் வாய்க்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. கழுத்தை நீட்டினார். கழுத்துப்பட்டை விடவில்லை. குழம்பு மார்பில் வழிந்தது, கூடவே வியர்வையும்.

"படைவீரன் பட்டினியாய்யா?" சமீஹ் சிரிக்கவில்லை.

முனீஃப் மனைவியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "இன்னிக்குன்னு பாத்து ஏன் மன்ஸஃப்?"

"நீங்கதானே சமையலைப் பாக்கச் சொன்னீங்க. பாத்தேன்."

கத்தரிக்கோலால் அந்தக் கைக்கவசத்தை வெட்டி எறிந்தாள். அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள். சின்னச் சின்னப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவளே தைத்தது. கவளம் நேராக வாய்க்குள் போனது. தன் பதவியைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம் என்று தெரியாமல், பசியில் முனீஃப் நாலு கவளம் உள்ளே தள்ளினார்.

சமீஹ் ருதைனா பக்கம் திரும்பி நின்றார். "உம்மு லைத், வில்லாளிக்கு எப்படித் தைப்பீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை, தலைமைக் கவச வடிவமைப்பாளரின் முதல் உத்தரவு முனீஃபின் மேசைக்கு வந்தது: "மந்திரவாதிக்கு இரும்பு வேண்டாம், அங்கி போதும். வீட்டுக்கு வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க."