மைக்செட் அண்ணாச்சியும் காதுள்ள பூதமும்

அருப்புக்கோட்டையில் ரகசியம் பேசத் தெரியாதவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால், ஆயுள் முழுக்க மைக்செட் அண்ணாச்சிதான் தலைவர். திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, அருப்புக்கோட்டையில் அவர் கடையும் வீடும் இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என் காதோரம் குனிந்து, "வெளிய சொல்லிராதீக, அந்த மாப்பிள்ளைய வேணாம்னுட்டாக" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டுக்காரர் திரும்பி, "எந்த மாப்பிள்ள?" என்று கேட்டார்.

எம்.ரெட்டியபட்டி காதுகுத்திலிருந்து டவுன் கல்யாணம் வரை முப்பது வருடமாக ஸ்பீக்கர் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். பாட்டுக்காக வாங்கிய கம்ப்யூட்டரில், ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பேய் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். பாழடைந்த ஆஸ்பத்திரி, அது நிறையப் பூதங்கள், கையில் துப்பாக்கி. ஒரே மாதத்தில் அத்தனை பூதத்தையும் சுட்டுத் தீர்த்தார்.

பிறகு அதே விளையாட்டுக்குக் கூடுதல் கதை ஒன்று வந்தது. அதில் துப்பாக்கி கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நர்ஸ், சத்தமே இல்லாமல் ஒளிந்து ஒளிந்து வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். துரத்தும் பூதத்துக்குக் கண் இல்லை, காது மட்டும்தான். மைக்கை மாட்டினால், விளையாடுகிறவர் போடும் சத்தமும் அதற்குக் கேட்கும்.

மற்றவர்கள் கட்டைவிரல் அளவு மைக் மாட்டுவார்கள். அண்ணாச்சி தொழில் கௌரவம் கருதிக் கல்யாண மண்டப மைக்கை மாட்டினார். எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தது, நர்ஸ் செத்தாள். தெருக்கோடியில் ஆடு கத்தியது, செத்தாள். "அய்யோ பாவம்" என்றார், அதற்கும் ஒருதரம் செத்தாள்.

வெங்காயம் கூவி விற்றவரை ஓடிப்போய் மறித்தார். "உள்ள ஒரு பிள்ளைக்கு உசுரு போகுதுய்யா, மெல்லக் கூவக்கூடாதா?"

"ஆம்புலன்சுக்குச் சொல்லவா அண்ணாச்சி?" என்று அவர் பதறிப்போய் போனை எடுத்தார்.

மதினி, அதாவது அண்ணாச்சியின் சம்சாரம், வீட்டுக்குள் சைகையிலேயே பேசப் பழகிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நர்ஸ் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறாள். பூதம் சரக் சரக்கென்று காலை இழுத்து வருகிறது, ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கிறது. அண்ணாச்சி நிதானமாக அவளை வெளியே நடத்திக்கொண்டுபோய் அதன் கையிலேயே ஒப்படைத்தார்.

"அண்ணாச்சி, அது வாரது கேக்கலையா?"

"என்னது?"

"காலடிச் சத்தம்."

"இதுல காலடிச் சத்தமெல்லாம் வருதா?" என்றார்.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி, திரும்ப மாட்டினார். மறுபடியும் பிடுங்கினார். ஒயரில் கோளாறு இல்லை என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் குழாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்த காது அது.

"வெளிய தெரிஞ்சா மைக்செட்டுக்கு யாரு சாரு கூப்பிடுவாக? உங்க மதினிக்குத் தெரிய வேணாம்" என்று கிசுகிசுத்தார்.

அடுப்படியிலிருந்து மதினி கரண்டியோடு வந்து நின்றார். "எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். சங்கடப்படுவீகன்னு சொல்லல. நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறோம்."

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவள வெளிய கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."

ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பூதம் வலப்பக்கம் வந்தால் அவருடைய வலது தோளில் தட்டுவேன், இடப்பக்கமென்றால் இடது தோளில். இரண்டையும் அழுத்தினால் அசையக்கூடாது. மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பத்துத் தடவை செத்து, பதினோராவது தடவை நர்ஸ் கேட்டைத் திறந்துகொண்டு வெளிச்சத்துக்குள் போனாள். அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தமே வரவில்லை.

அந்த வாரமே மதுரைக்குப் போய்க் காது மிஷின் மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் தெருவில் எல்லோரையும், "ஏன் இப்படிக் கத்துறீக?" என்று கண்டித்துக்கொண்டிருந்தார். கல்யாண ஆர்டர் ஒன்றும் குறையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து கூப்பிட்டார். "சாரு, சும்மாதான இருக்கீக? மொதல்லருந்து ஆரம்பிக்கப் போறேன்."

போய்ப் பார்த்தால், மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் தோளில் கையை வைத்தேன்.